துபாய்க்காரர் கட்டிய குளம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்து இறங்கும் செம்மண் மேட்டில், ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. அப்பா கட்டியது. திருவனந்தபுரத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும், சில சமயம் கடல்தாண்டியும், பதினைந்து வருஷமாக ஆட்கள் அதைத் தேடி வருகிறார்கள். யாரும் நீந்த வருவதில்லை. கக்கத்தில் நாலு சக்கரம் வைத்த சறுக்குப் பலகையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, தேங்காய்ப்பட்டணம் ஜங்ஷனில் வழி கேட்பார்கள். அந்தப் பலகையைப் பார்த்ததும் ஆட்டோக்காரர்கள் ஒன்றும் கேட்காமல் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

அப்பா பதினெட்டு வருஷம் துபாயில் கொத்தனாராக இருந்தார். நீச்சல் குளம் மட்டும் கட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை. குழி தோண்டி, கம்பி கட்டி, அதன்மேல் சிமென்ட் கலவையைக் குழாயால் பீய்ச்சி அடிப்பார்கள். அது இறுகுவதற்குள் வளைவை இழைத்துக் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த வேலைக்கு அப்பாவைத்தான் கூப்பிடுவார்களாம். தடவிப் பார்த்தால் எங்கே தரை முடிந்தது, எங்கே சுவர் தொடங்கியது என்று கைக்குத் தெரியக் கூடாது. அப்படி எத்தனை குளம் இழைத்தார் என்று அவருக்கே தெரியாது. ஒன்றில்கூட அவர் கால் நனைத்ததில்லை. தண்ணீர் நிரப்பும்போது அவர் அடுத்த வீட்டுக் குழியில் நின்றுகொண்டிருப்பார்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது துபாய் போதும் என்று வந்துவிட்டார். எட்டு ரூம் உள்ள ஒரு லாட்ஜ், அதற்கு முன்னால் ஒரு குளம் என்று படம் வரைந்து வைத்திருந்தார். துபாயில் கூட வேலை பார்த்த ஒருவர் பங்குக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அம்மா கேட்டாள்: "மொதல்ல ரூம கெட்டப்பிடாதா?"

"ரூம் ஆரு வேணும்னாலும் கெட்டுவான். குளம் நானாக்கும் கெட்டணும். கையில பழக்கம் இருக்கப்பவே கெட்டிரணும்."

ஒரு வருஷம் கட்டினார். முந்திரிக்கொட்டை வடிவம். ஒரு பக்கம் மூன்றடி ஆழத்தில் தொடங்கி, வளைந்து போய், மறுபக்கம் ஒன்பது அடிக்கு இறங்கும். பீய்ச்சி அடிக்கும் எந்திரம் இங்கே கிடைக்காததால் கலவையைக் கையால் அறைந்து அறைந்து ஏற்றினார். கடைசிப் பூச்சு நடந்த இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் நின்றது. பங்குக்காரர் பின்வாங்கினார். ஆழ்துளைக் கிணற்றில் வந்த தண்ணீர் உப்பாக இருந்தது. ரூம்கள் அஸ்திவாரத்துக்கு மேல் எழும்பவில்லை. ஊரில் அதற்கு 'துபாய்க்காரருக்க குளம்' என்று பெயர் விழுந்தது. ஜங்ஷன் சாயாக்கடையில் தினமும் யாராவது ஒருவர், "குளத்துல தண்ணி வந்தாச்சா?" என்று கேட்பார். அப்பா அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டர் நடந்து அடுத்த ஜங்ஷனில் சாயா குடித்தார். ஊரில் கொத்தனார் வேலைக்கே போனார். மதில் கட்டினார், நாலு மூலை வைத்த தொட்டி கட்டினார். வளைவு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அம்மா குளத்துக்குள் கொப்பரை உலர்த்தினாள். காற்றில்லாமல், நாலு பக்கமும் சூடு ஏறி, இரண்டே நாளில் நன்றாகக் காயும். "இதுக்காவது ஒதவுச்சே" என்பாள். அப்பா காதில் விழாதது போல் இருப்பார்.

இப்படி ஒன்பது வருஷம் போனது.

நான் நர்ஸிங் முடித்து மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்க வந்தவன் ஒருவன் எங்கள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கும். பிறகு சுற்றி வந்து கேட்டைத் தட்டினான். குளச்சல்காரன், மீன்பிடிக்கிற குடும்பம், இரண்டு வருஷம் சார்ஜாவில் போட் என்ஜின் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவன் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"அண்ணாச்சி, இந்தக் குளத்துல ஒருக்கா எறங்கிப் பாக்கட்டா?"

அப்பாவுக்கு இது பழைய கேலியின் புது வடிவம் என்று தோன்றியிருக்க வேண்டும். "என்னத்த பாக்க? தண்ணியில்ல. போ, போ."

"தண்ணி வேண்டாம் அண்ணாச்சி. தண்ணி இருந்தா கொள்ளாது."

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்த இடைவெளியில் அவன் இறங்கிவிட்டான். அம்மாவின் கொப்பரைகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஆழப் பக்கத்துக்குப் போய், குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து சுவருக்கு உள்ளங்கையை மெதுவாக ஏற்றினான். திரும்ப இறக்கினான். இரண்டடி தள்ளிப் போய் அங்கேயும் அதையே செய்தான்.

"இது அச்சு வச்சு அடிச்சதா, கைய வச்சு தேச்சதா?"

"கையாக்கும்," என்றார் அப்பா.

"முழுக்கவா?"

"முழுக்க."

"சார்ஜாவுல சக்கரப் பலகை ஓட்டவே ஒரு பார்க் இருக்கு, அண்ணாச்சி. கோடிக்கணக்குல செலவாக்கிக் கெட்டுனது. அதுலயும் இந்த ஏற்றம் இல்ல. ஆராக்கும் தேச்ச கொத்தன்?"

நான் சொன்னேன், இவர்தான் என்று. அவன் எழுந்து நின்றான். குளத்துக்குள் நின்றபடியே, மேலே நின்ற அப்பாவைக் கோயிலில் பார்ப்பது போலப் பார்த்தான். அப்பா தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வை ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷத்தில் அந்த வளைவைத் தொட்டுப் பார்த்த முதல் ஆள் அவன்தான்.

"கொப்பரய அள்ளு," என்றார் அம்மாவிடம்.

அடுத்த ஞாயிறு பலகையோடு வந்தான். மேல் விளிம்பில் பலகையின் வாலை வைத்து, அதன்மேல் ஏறி நின்று, முன்னால் சாய்ந்தான். எனக்கு அவன் விழுகிறான் என்றுதான் தோன்றியது. அம்மா "எனக்க அம்மோ!" என்று கத்தினாள். அவன் சுவரோடு ஒட்டிக் கீழே போய், தரையைக் கடந்து, எதிர்ச்சுவரில் ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, திரும்பி இறங்கினான். காலி தார் டிரம்மைச் சாலையில் உருட்டுவது போல ஒரு இரைச்சல். வளைவில் வளைவில் அந்த இரைச்சல் ஏறியும் இறங்கியும் கேட்டது. அப்பா விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "பொறு" என்றார்.

அவன் மூலமாகத்தான் மற்றவர்கள் வந்தார்கள். முதலில் திருவனந்தபுரத்திலிருந்து மூன்று பேர். கோவளத்தில் அலைச்சறுக்குக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் அவர்களோடு சேர்ந்து வந்தார்கள். பிறகு பெங்களூர், சென்னை. வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். அம்மா முதலில் முணுமுணுத்தாள். பிறகு மரச்சீனிக் கிழங்கை இன்னும் கொஞ்சம் பெரிய பாத்திரத்தில் அவித்தாள். பாஷை தெரியாத ஒரு பெண்ணுக்குச் சாளைக் கறியில் முள் எடுக்கச் சொல்லிக் கொடுத்ததை இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். விழுந்து அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுவது என் வேலை. எங்கள் வீட்டு அலமாரியில் சர்க்கரைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் அயோடின் பாட்டில் வந்தது அப்படித்தான்.

அப்பாவுக்கு ஒரே ஒரு மனக்குறை. ஆழப் பக்கத்தின் தெற்குச் சுவரில், இடுப்பு உயரத்தில், பூச்சு லேசாகப் புடைத்திருக்கும். பூசிய அன்றைக்கு மழை தூறி, தார்ப்பாய் பிடித்துக்கொண்டே இழைத்ததில் வந்த பிசகு. கண்ணுக்குத் தெரியாது, தடவினால் தெரியும். இத்தனை பேர் வந்து தன் வேலையைச் சக்கரத்தால் தடவுகிறார்கள், அவர்களுக்கு அது தெரியுமே என்று அவருக்குக் கூச்சம். ஒரு நாள் காலையில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, சாந்து குழைத்து வைத்து, இறங்கிவிட்டார். அன்றைக்கு வந்திருந்த நாலு பேரும் ஓடிப்போய் அந்தச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார்கள்.

"மாறுங்கலே," என்றார் அப்பா.

குளச்சல்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். அதற்குள் அவன் அப்பாவை மாமா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். "மாமா, ஒங்களுக்கு ஆயிரம் புண்ணியம் உண்டும். அத மட்டும் தொடாண்டாம்."

"பிசகாக்கும்லே அது."

"அதுக்காகவாக்கும் இவன் பெங்களூருல இருந்து வாறான். அங்க புதுசா ரெண்டு பார்க் வந்தாச்சு. எல்லாச் சுவரும் ஒரே அளவு. ரெண்டு நாளுல மனப்பாடமாயிரும். இங்க ஒவ்வொரு அடியும் வேற. அந்தப் பொடைப்புல சக்கரம் ஏறுனா ஆள அப்பிடியே தூக்கி விடும். இன்னும் ஒருத்தனுக்கும் அது முழுசா பிடிபடல."

அப்பா உளியைக் கீழே போட்டார். குழைத்த சாந்தை வீணாக்க மனமில்லாமல் அம்மாவின் துவைகல்லுக்கு அடியில் பூசினார்.

ஆனால் இன்னொன்று அவர்கள் சொல்லி அவர் செய்தது. குளத்தின் மிக ஆழமான இடத்தில் ஒரு சாண் அகலத்தில் ஒரு வாய் இருந்தது. மண்ணுக்கடியில் நீர் மட்டம் ஏறினால் அந்த வழியாக உள்ளே வந்துவிடும்படி வைத்தது. அதன் மூடியில் சக்கரம் சிக்கி ஒருவன் பல்லை உடைத்துக்கொண்டான். ரத்தம் வழிய அவன் வாயை நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அப்பா, "அத அடச்சுத் தாறேன்" என்றார். மறுநாள் அடைத்து, தடம் தெரியாமல் இழைத்தும் விட்டார்.

நடுவில் நான் ஆறு வருஷம் ரியாத்தில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆனது. கணவர் குவைத்தில். அப்பாவுக்கு முட்டு ஆபரேஷன் என்றபோது நான் வேலையை விட்டு வந்தவள், திரும்பப் போகவில்லை. பக்கத்து ஊரான கருங்கல்லில் ஒரு கிளினிக்கில் சேர்ந்துகொண்டேன். குளச்சல்காரன் இதற்குள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக என்ஜின் ஒர்க்‌ஷாப் போட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகியிருந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவான்.

ஒரு ஞாயிற்றில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குளத்தடியில் கிடந்த பலகையில் நான் ஏறி நின்றேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முப்பத்து மூன்று வயது. சுடிதார். பலகை முன்னால் போனது. நான் பின்னால் போனேன். இடது மணிக்கட்டு உடைந்தது.

"ஏட்டி, ஒனக்கு என்ன பிராந்தா?" என்று அம்மா வைதாள். வீடியோ காலில் மாவுக்கட்டைப் பார்த்த கணவர், "வழுக்கி விழுந்தியா?" என்று கேட்டார். "இல்ல, சறுக்கி விழுந்தேன்" என்றேன். அப்பா மாவுக்கட்டுக்காரன் வேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரம் சரியா இழைக்கல" என்றார்.

கட்டுப் பிரித்த பிறகு குளச்சல்காரன் சொல்லிக் கொடுத்தான். குளத்தின் அடித்தரையில் தள்ளிக்கொண்டு போகவும், சுவரில் கொஞ்சம் ஏறி இறங்கவும் பழகினேன். வேலைக்குப் போகுமுன் காலையில் கால் மணி நேரம். ஆனால் மேல் விளிம்பிலிருந்து இறங்க மட்டும் என்னால் முடியவில்லை. வாலை மிதித்து நிற்பேன். கீழே பார்ப்பேன். இறங்கிவிடுவேன், படி வழியாக.

"யக்கா, யோசிக்காண்டாம். முன்னங்கால்ல பாரத்தக் குடு, அவ்வளவுதான்."

"ஒனக்க வீட்டுல வேற நர்ஸ் இருக்காளா, எனக்கு கட்டுப் போட?"

அதற்குப் பிந்திய மூன்றாவது வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் மூன்று நாள் பெய்தது. நாலாம் நாள் காலையில் அம்மா அடுக்களையில் இருந்து கூப்பிட்டாள், ஏதோ சத்தம் கேட்கிறது என்று. நான் பின்பக்கம் ஓடினேன். மழைத் தண்ணீர் தேங்காமல் மோட்டாரால் இறைத்து வைத்திருந்த குளத்துத் தரையில், ஆழப் பக்கத்தில் ஒரு கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காய்ந்த மட்டையை மிதித்தது போல ஒரு சத்தம் கேட்டு, அந்தக் கோடு ஒரு முழம் நீண்டது.

அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. குளச்சல்காரனுக்குப் போன் போடச் சொன்னார். "துளை போடுத மிஷின கொண்டு வரச் சொல்லு. பெருசு."

மழையில் படகுகள் கடலுக்குப் போகாததால் அவனுக்கு வேலையில்லை. முக்கால் மணி நேரத்தில் மழைக்கோட்டோடு பைக்கில் வந்து நின்றான்.

"மண்ணுக்கடியில தண்ணி ஏறியாச்சு," என்றார் அப்பா. "காலிக் குளம்லா. அடியில இருந்து தூக்குது."

அவனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "வள்ளம் மாதிரியா மாமா?"

"வள்ளமேதான். ஆனா மிதக்கத் தெரியாத வள்ளம். நடு ஒடிஞ்சிரும்."

"இப்ப என்ன செய்ய?"

"ஓட்ட போடணும். அந்தப் பழய வாய் இருந்த எடத்துல. தண்ணி உள்ள வந்தா நிக்கும்." கம்பால் காட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே, "நானாக்கும் அத அடைச்சேன்" என்றார். "அடைக்கப்பிடாதுன்னு எனக்குத் தெரியும். பிள்ளையளுக்க பல்லு போவுதேன்னு அடச்சுட்டேன்."

"நாங்கல்லா கேட்டோம் மாமா."

"நீங்க கேப்பிய. எனக்கு புத்தி வேண்டாமா?"

அவன் இறங்கினான். நான் மேலே நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டேன். மழையில் கரண்ட் மிஷினோடு அவன் கீழே நின்றான்; ஒயரின் இணைப்பு நனையாதபடி அதன்மேல் குடை பிடித்தேன். அப்பா விளிம்பில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, "இன்னும் தெக்க... அங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் துளைத்தான். பிறகு மிஷினை உருவினான். அந்தத் துளையிலிருந்து செந்நிறத் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு அடித்தது. அவன் மிஷினை மேலே எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு ஏறி வந்தான்.

மதியத்துக்குள் ஆழப் பக்கம் இடுப்பளவு. சாயங்காலம் ஆறடி. விரிசல் அதற்குமேல் நீளவில்லை. செய்தி எப்படியோ பரவி, குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜங்ஷன் சாயாக்கடைக்காரரும் வந்தார். யாரும் கேலி பேசவில்லை. மழை விட்டிருந்தது. அந்த வடிவத்தில் தண்ணீர் நின்று நாங்கள் யாருமே பார்த்ததில்லை. அம்மா அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அப்பாவுக்கு அழுகை வருமோ என்று நான் பயந்தேன்.

குளச்சல்காரன் சட்டையைக் கழற்றினான். விளிம்பிலிருந்து ஒரே சாட்டம், தண்ணீருக்குள். அந்தச் செம்மண் தண்ணீரில் மூழ்கி, எதிர்க்கரையில் எழுந்து, மல்லாந்து படுத்துக் காலை அடித்துக்கொண்டு திரும்பி வந்தான். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார். "கொள்ளாம்லே," என்றார். "ஒருத்தனாவது நீந்துனியே."

தண்ணீர் வடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உள்ளே சேறு. விரிசல் தரையில் தொடங்கிச் சுவரில் பாதிவரை ஏறியிருந்தது. தெரிந்த எஞ்சினியர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மண் போட்டு மூடி வாழை வைப்பதுதான் புத்தி என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பாவும் தலையாட்டினார். இரண்டு நாள் குளத்தின் பக்கமே போகவில்லை. நான் விரிசலைப் படம் எடுத்துக் குளச்சல்காரனுக்கு அனுப்பியிருந்தேன். அவன் அதை யார் யாருக்கு அனுப்பினான் என்று தெரியாது. அடுத்த சனிக்கிழமை காலையில் கேட்டுக்கு வெளியே பதினோரு பேர் நின்றார்கள். ஒருவர் கையிலும் பலகை இல்லை. மண்வெட்டி, வாளி, ஒருவன் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மூட்டை விசேஷச் சிமென்ட்டை மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

அப்பா திண்டாடிப் போனார். "வாழ வைக்கலாம்னு..." என்று தொடங்கினார்.

பல் உடைந்தவனும் வந்திருந்தான். இப்போது அவனுக்குத் தாடி. "வாழை அப்புறம் வைக்கலாம் சார்," என்றான். "முதல்ல என்ன செய்யணும்னு சொல்லுங்க."

சேறு வார ஒரு நாள். விரிசலின் இரு பக்கமும் கொத்தி அகலப்படுத்தி, குறுக்கே கம்பி தைத்து, கலவை அடைக்க நாலு நாள். இந்த முறை ஆழத்தில் மூடியோடு ஒரு வாய் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்; தரை மட்டத்துக்குச் சமமாக உட்காரும் ஒரு மூடியைக் குளச்சல்காரன் தன் ஒர்க்‌ஷாப்பில் கடைந்து கொண்டுவந்தான். கடைசிப் பூச்சை அப்பா யாரையும் தொடவிடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரை நாலு பேர் தூக்கி உள்ளே இறக்கினார்கள். உட்கார்ந்தபடி இழைத்தார். எட்டாத உயரத்தில் நாற்காலியைத் தூக்கிப் பிடித்தார்கள். எழுபதை நெருங்கிய கை. பூச்சை இழைக்கும் மணியாஸ் கட்டையைச் சுவரில் வைத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. நான் அதை நர்ஸாகப் பார்த்தேன், நம்ப முடியாமல்.

"இருபத்தெட்டு நாள் ஒருத்தனும் ஏறப்பிடாது," என்றார்.

தினமும் இரண்டு வேளை ஹோஸ் பிடித்து நனைத்தார். இருபதாம் நாள் சென்னையிலிருந்து தெரியாமல் வந்த இருவரைச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினார்.

இருபத்தொன்பதாம் நாள் ஞாயிறு. முன்பு வந்தவர்களில் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் குளச்சல்காரனைப் பார்த்தார்கள், முதலில் அவன்தான் என்று. அப்பா குறுக்கே கம்பை நீட்டினார்.

"மொதல்ல பாரம் கொறஞ்ச ஆளு போவட்டு. பூச்சு எப்பிடி நிக்குன்னு பாக்கணும்." என்னைப் பார்த்தார்.

"எனக்கு மேல இருந்து எறங்கத் தெரியாதுப்பா."

"மேல இருந்து எறங்குனாத்தான் அந்தச் சுவருக்குப் போவும்."

குளச்சல்காரன் தன் தலைக்கவசத்தை எடுத்து என் தலையில் வைத்து, வாரைக் கட்டினான். அம்மா பின்வாசலில் நின்று, "ஏட்டி, கைய ஊனாத" என்று மட்டும் கத்தினாள். நான் விளிம்பில் பலகையை வைத்தேன். பின்காலை வாலில் ஊன்றினேன். முன்னங்காலைத் தூக்கிப் பலகையின் முகப்பில் வைத்தபோது கீழே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. மூன்று வருஷமாகப் படி வழியாக இறங்கிக்கொண்டிருந்த இடம். இன்றைக்கும் படிக்குப் போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். பின்னால் எட்டுப் பேர் மூச்சு விடாமல் நிற்பது தெரிந்தது. அவர்கள் இருபத்தெட்டு நாள் காத்திருக்கிறார்கள். முன்னங்காலை அழுத்தினேன்.

சுவர் என்னைப் பிடித்துக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விழவில்லை, இறங்கவும் இல்லை, அந்த வளைவு என்னை எடுத்துத் தரைக்குக் கொடுத்தது, தரை எதிர்ச்சுவருக்குக் கொடுத்தது. காதில் காற்று. பூச்சுப் போட்ட இடத்தைத் தாண்டி ஏறி, வேகம் போதாமல் நின்று, பின்னோக்கி உருண்டு வந்து, ஆழத்தில் பலகையிலிருந்து கால் வழுகி உட்கார்ந்துவிட்டேன். கை, கால் எல்லாம் இருந்தது. சிரித்தேனா அழுதேனா தெரியாது, இரண்டும் சேர்ந்த ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது. மேலே கூச்சல். குளச்சல்காரன் தன் பலகையால் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தான். இவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

அப்பா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். குனிந்து என்னைப் பார்த்தார்.

"சேர்ப்புல தட்டுச்சா?"

"ம்?"

"பழய பூச்சும் புதுப் பூச்சும் சேருத எடம். சக்கரம் தட்டுச்சா?"

நான் யோசித்தேன். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போது, வலது பக்கச் சக்கரத்தில், ஒரு மணல் மேல் ஏறியது போல ஏதோ. பொய் சொல்லியிருக்கலாம்.

"ஏறும்போ லேசா தட்டுச்சுப்பா."

"வலத்தா, எடத்தா?"

"வலத்து."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் நெனச்சேன்," என்றார். "அங்கதான் சாந்து கொஞ்சம் முந்தி எறுகுச்சு." நாற்காலியை இறக்கச் சொன்னார். உரசுகல்லைக் கேட்டார். எட்டுப் பேரும் பலகைகளை விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டு அவரைத் தூக்கி என்னிடம் இறக்கினார்கள். நான் அந்த இடத்தை விரலால் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார், கண்டுபிடித்தார், கல்லை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே யாரும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தாமலே, "இன்னும் ஒருக்கா போய்ட்டு வா" என்றார்.

நான் பலகையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.